கையெழுத்து மட்டும் போதுமா?



மதுரையிலிருந்து தூத்துக்குடி செல்லும் சாலையில் பயணம் செய்வோர் எங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையைக் கண்டதும் புன்னகை செய்வர். "எப்போதும்வென்றான் எல்லாம் இறங்கு!" என்று கண்டக்டர் அண்ணாச்சி குரல் கொடுத்தால் பேருந்தே சிரிக்கும். பெயரில் வெற்றி இருக்கிறது. ஆனால் எங்கள் கரிசல் மண்ணில் வெற்றி அவ்வளவு எளிதன்று. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் உளுந்தும் பாசியும் கம்பும் சோளமும் வீடு வந்து சேரும். பெய்யாவிட்டால் கடன்தான் வந்து சேரும்.

இப்படிப்பட்ட மண்ணில் தனித்து வாழ எவராலும் இயலாது. கண்மாய்க் கரை உடைந்தால் ஒரு வீட்டு மண்வெட்டி போதுமா? அதனால்தான் வீட்டுக்கு ஓர் ஆள் சென்று கண்மாயைச் செப்பனிடும் குடிமராமத்து என்னும் வழக்கத்தை நம் முன்னோர் வைத்திருந்தனர். ஊர் கூடித் தேர் இழுப்பது திருவிழாவுக்கு மட்டும் உரியதன்று; தண்ணீருக்கும் உரியதே.

ஒரு சிறு நிகழ்ச்சியைச் சொல்லுகிறேன். மே மாத விடுமுறையில் ஆச்சி வீட்டுக்குச் சென்றிருந்தேன். கரிசல் காட்டின் நடுவே உள்ள சிற்றூர் அது. பெயர் இங்கு வேண்டாம். ஒரு மாலையில் ஒருவர் பெரிய நோட்டுடன் வந்தார். "ஆச்சி, இதில ஒரு கையெழுத்துப் போட்டுருங்க" என்றார். ஆச்சி வற்றலுக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்த கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டார்.

"என்ன நோட்டு ஆச்சி?"

"கிராமசபையாம்."

"கூட்டத்துக்குப் போனீங்களா?"

"பொம்பளைக்கு அங்க என்ன சோலி?"

தெருக்குழாயில் தண்ணீர் வராத குறையை நாள்தோறும் வீட்டில் சொல்லிப் புலம்புகிறவர் என் ஆச்சி. அந்தக் குறையைச் சொல்ல வேண்டிய இடத்தில் அவர் இல்லை. அவருடைய கையெழுத்து மட்டும் இருக்கிறது! அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கிராமசபை என்றால் என்ன? 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 73ஆவது திருத்தமும், 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் அதற்கு உயிர் கொடுத்தன. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் நாம் ஒருவரை அனுப்புகிறோம். கிராமசபைக்கு மட்டும் நாமே செல்லுகிறோம். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கவும், திட்டங்களை ஏற்கவும், பயனாளிகள் பட்டியலை ஆராயவும் அங்கே நமக்கு உரிமை உண்டு.

சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களுடன், 2022 முதல் உலகத் தண்ணீர் நாளான மார்ச்சு 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகியவையும் கிராமசபை நாட்களாயின. கூட்டம் செல்லுபடியாக இத்தனை பேர் வரவேண்டும் என்று விதியும் உண்டு. 500 பேர் வரை வாழும் ஊராட்சியில் 50 பேர். 3,000 வரை என்றால் 100 பேர். 10,000 வரை 200 பேர். அதற்கு மேல் 300 பேர். வந்தவர் தொகை குறைந்தால் நோட்டு வீடு வீடாக நடக்கத் தொடங்குகிறது. எண்ணிக்கை நிறைகிறது, சபை நிறைவதில்லை.

பழம்பெருமை பேசுவதில் நாம் வல்லவர்கள். பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் உத்திரமேரூரில் குடவோலை முறை இருந்ததைப் பாடத்தில் படித்திருக்கிறோம். பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வர முடியாது என்று அந்தக் கல்வெட்டு கூறுகிறது. எத்தனை உயர்ந்த நெறி! ஆனால் அந்தக் குடத்தில் உழுகூலி ஒருவர் பெயரும் இல்லை. பெண்ணின் பெயரும் இல்லை. பெருமையோடு இந்தக் குறையையும் நாம் நினைவில் வைக்க வேண்டும்.

அண்மைக் காலத்திலும் இக்குறை தொடர்ந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் ஆகிய ஊராட்சிகளில் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுக் காலம் முறையான ஊராட்சி அமைய முடியவில்லை. 2006இல்தான் வழி பிறந்தது. சிலரை வெளியே நிறுத்திவிட்டு மற்றவர் கூடுவது ஊர்க் கூட்டமாகுமா?

தென் அமெரிக்காவில் உள்ள சிலி நாட்டில் 1934ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெண்கள் வாக்குரிமை பெற்றனர். ஆனால் உள்ளாட்சித் தேர்தலில் மட்டுமே! நாட்டுத் தேர்தலில் வாக்களிக்க 1949 வரை அவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஊராட்சியே அவர்களுக்கு முதற்படியாக இருந்தது. நமக்கோ படி முன்பே கட்டப்பட்டிருக்கிறது. 73ஆவது திருத்தம் மூன்றில் ஒரு பங்கு இடத்தைப் பெண்களுக்கு அளித்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக உயர்த்தியது. எனினும் நாற்காலியில் மனைவியின் பெயரும், பேச்சில் கணவரின் குரலுமாக நடக்கும் ஊர்கள் உண்டு என்பதை நாம் அறியாதவர்களா?

தேர்ந்தெடுத்த மன்றங்கள் இல்லாத காலமும் வருவதுண்டு. 2016 அக்டோபர் முதல் 2020 சனவரி வரை ஊராட்சிகளைத் தனி அலுவலர்களே நடத்தினர். 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலமும் 2025 சனவரி 5 அன்று முடிந்து, நம் மாவட்டம் உள்ளிட்ட பல மாவட்டங்களில் மறுபடியும் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். ஆனால் கிராமசபைக்குப் பதவிக்காலம் கிடையாது. தலைவர் இல்லாத நாளிலும் மக்கள் உண்டு அல்லவா? அப்போதுதான் நாம் கட்டாயம் சென்று அமர வேண்டும்.

"படிக்கிற பிள்ளைக்கு ஊர் வம்பு எதற்கு?" என்று பெற்றோர் கேட்கலாம். "அங்கே சண்டையும் கூச்சலுமாக இருக்கும்" என்றும் கூறலாம். கூச்சல் இருப்பது மெய்யே. நல்லவர்கள் வீட்டில் இருந்துவிட்டால் கூச்சலிடுபவர் மட்டும்தானே அங்கே மிஞ்சுவர்? குடத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பது பெண்ணின் வேலை என்றால், குழாயைப் பற்றிப் பேசுவதும் பெண்ணின் வேலையே.

ஆகவே என் வேண்டுகோள் மூன்று. தோழியரே, ஆகஸ்டு 15 அன்று காமநாயக்கன்பட்டிப் பரலோக மாதா திருவிழாவுக்குச் செல்லுவோர் பலர் நம்மில் உண்டு. அவ்வாண்டு கிராமசபையின் மற்ற நாட்களில் ஒன்றிலாவது அம்மாவுடன் சென்று அமருங்கள். பதினெட்டு வயது நிரம்பும் வரை நமக்கு அங்கே வாக்கு இல்லை. கேட்கக் காது உண்டு. பெற்றோரே, படிக்காத தீர்மானத்தில் கையெழுத்திடாதீர்கள். உங்கள் மகளைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அன்பு அருட்சகோதரிகளே, ஓர் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைப் படிக்கும் முறையைச் சமூக அறிவியல் வகுப்பில் ஒரு நாளாவது எங்களுக்குக் கற்றுத் தாருங்கள்.

விடுமுறை முடிந்து புறப்படும் நாளில் ஆச்சியிடம், "அடுத்த கூட்டத்துக்கு நானும் வாரேன், நீங்களும் வரணும்" என்றேன். ஆச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "குழாயைப் பத்திக் கேட்டா பதில் சொல்வாகளா?" என்றார். கேட்டுப் பார்ப்போம் ஆச்சி! வென்றான் என்று ஓர் ஊருக்குப் பெயர் வைத்தாயிற்று. வென்றாள் என்று சொல்லும் நாளை நாமே கொண்டுவர வேண்டும்.