படிநிலையை வகுப்பவர் யார்?

தரவுச் சதுரமுகியின் பரிமாணங்களுக்குப் படிநிலை வகுத்தல் கணினியாளரின் தொழில் என்றும், வரலாற்று மாணவனுக்கோ புவியியல் மாணவனுக்கோ அங்கு அலுவல் எதுவும் இல்லை என்றும் கூறுவோர் உளர். கலைப்பீடத்தாருட் பலர் இதனை மறுப்பதுமில்லை. எண்கள் தம்மைத் தீண்டாதிருப்பதில் அவர்களுக்கு ஒருவகை நிம்மதி போலும். இக்கருத்துத் தவறானது மட்டுமன்று, ஆபத்தானதுமாகும்.

சதுரமுகி என்பது உவமையே. ஒரே தொகையை இடம், காலம், இனம், தொழில் எனப் பல பக்கங்களிலிருந்தும் நோக்குதற்கேற்பத் தரவுகளை அடுக்கும் முறை அது. ஒவ்வொரு பக்கமும் ஒரு பரிமாணம். இடம் என்னும் பரிமாணத்தில் கிராம அலுவலர் பிரிவு பிரதேச செயலாளர் பிரிவினுள்ளும், அது மாவட்டத்தினுள்ளும், மாவட்டம் மாகாணத்தினுள்ளும் அடங்கும். ஒவ்வோர் உறுப்புக்கும் தாய் உறுப்பு எதுவென அட்டவணையிற் குறித்துவிட்டால், கீழ்மட்டத் தொகைகளைக் கூட்டி மேல்மட்டத் தொகையை இயந்திரம் தானே தந்துவிடும். எளிய வேலைதான், எந்த ஆண்டின் தாய் என எவரும் வினவாதவரை.

கிளிநொச்சியை நோக்குக. 1981 இல் குடிசனமதிப்பு எடுக்கப்பட்டபோது அது யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதி. 1984 இலேயே தனி மாவட்டமாயிற்று. 1981 இன் யாழ்ப்பாண மாவட்டத் தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 30 ஆயிரம். 2012 இல் 5 இலட்சத்து 83 ஆயிரம். இரண்டையும் ஒரே உறுப்பின் கீழ் அடுக்கும் சதுரமுகி இரண்டரை இலட்சம் மக்கள் குறைந்ததாகக் காட்டும். ஆனால் அவர்களுள் ஏறத்தாழ 92 ஆயிரம் பேர் 1981 இல் கிளிநொச்சிப் பகுதியில் வாழ்ந்தோர். அவர்களை நீக்கின் குறைவு ஒன்றரை இலட்சத்தைச் சற்றே தாண்டும். போரில் மாண்டோரையும் பெயர்ந்தோரையும் மதிப்பிட முனையும் ஆய்வுக்கு இது சில்லறைப் பிழையா? மறுபுறம், கிளிநொச்சியின் பிரிவுகளுக்குரிய தாயைத் திருத்திப் பழையதை அழித்துவிட்டால், 1981 இன் அச்சிட்ட அறிக்கையிலுள்ள தொகை சதுரமுகியில் எங்குமே அகப்படாது. அவ்வாண்டின் நிருவாகம் எந்த எல்லையை ஆண்டது என்பதும் அத்துடன் மறைந்துபோகும்.

நகர், கிராமம் என்னும் பகுப்பின் கதை இதனினும் விந்தையானது. 1981 இல் 21.5 சதவீதமாயிருந்த நகர மக்கள் 2012 இல் 18.2 சதவீதமாயினர். மக்கள் பட்டினங்களைத் துறந்து வயலுக்குத் திரும்பினரா? இல்லை. 1987 இல் பட்டின சபைகள் ஒழிக்கப்பட்டுப் பிரதேச சபைகளுள் அடக்கப்பட்டன. கடைத்தெரு இருந்த இடத்திலேயே இருக்க, அது கிராமமாயிற்று.

மாறும் உறுப்புகளைக் காலத்தோடு பேணுதல் இயலாததென்று கணினியாளர் சொல்ல முடியாது. மெல்ல மாறும் பரிமாணங்கள் என இதனைப் பெயரிட்டு, பழைய வரியை அழித்தெழுதுவதற்கும் புதுவரி சேர்ப்பதற்குமுள்ள வேறுபாட்டை ரால்ப் கிம்பல் 1996 இல் வெளியான தமது நூலிலேயே விளக்கிவிட்டார். கருவியிற் குறையில்லை. 1984 ஐயும் 1987 ஐயும் அறிந்தவர் அம்மேசையருகே இல்லாததே குறை.

ஒவ்வோர் உறுப்புக்கும் தொடங்கிய திகதியும் முடிந்த திகதியும் வேண்டும். அன்றைய எல்லைப்படி ஒரு கூட்டுவழியும் இன்றைய எல்லைப்படி மற்றொன்றும் வேண்டும். அத்திகதிகள் வர்த்தமானிகளிற் கிடக்கின்றன. அவற்றைப் புரட்டித் தொகுக்கும் கலைப்பீட மாணவனுக்கு நிரலாக்கம் ஒரு வரிதானும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.