தயிர்க் கிருமி சொல்லும் பாடம்!

நம்மைக் கிருமிகள் தாக்குகின்றன. அந்தக் கிருமிகளையே தாக்கும் பகைவன் ஒருவன் இருக்கிறான் என்றால் ஆச்சரியமாக இருக்கிறது அல்லவா?

அந்தப் பகைவனின் பெயர் "பேஜ்". பாக்டீரியா என்ற கிருமிக்குள் புகுந்து அதை அழிக்கும் வைரஸ் அது. 1915-ம் ஆண்டில் இங்கிலாந்து விஞ்ஞானி டுவார்ட் இதன் அடையாளத்தைக் கண்டார். 1917-ல் பாரிஸ் நகரில் டெரெல் என்ற விஞ்ஞானி இதற்கு "பாக்டீரியோபேஜ்" என்று பெயர் சூட்டினார். "பாக்டீரியாவைத் தின்பது" என்பது அதன் பொருள்.

ஊசி போடும் வைரஸ்

பேஜில் "டி-4" என்று ஒரு வகை உண்டு. அதற்குத் தலை உண்டு, வால் உண்டு, கால்களும் உண்டு! கிருமியின் மேல் கால்களை ஊன்றி அது உட்காருகிறது. டாக்டர் ஊசி போடுவது போல, வால் வழியாகத் தன் மரபுப் பொருளை உள்ளே செலுத்துகிறது. உடல் வெளியிலேயே நின்றுவிடுகிறது.

பிறகு கிருமி அடிமைதான். சுமார் அரை மணி நேரத்தில் நூறுக்கும் மேற்பட்ட புதிய பேஜுகள் அதற்குள் உருவாகின்றன. கிருமியை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றன.

கிருமி சும்மா இருக்குமா?

இருக்காது. பேஜ் ஒட்டிக்கொள்ளும் இடத்தையே சில கிருமிகள் மாற்றிவிடுகின்றன. வேறு சில, உள்ளே வந்த அந்நியப் பொருளைக் கத்தரிக்கோல் போல வெட்டிப் போடுகின்றன. இந்தக் "கத்தரிக்கோலை" ஆராய்ந்த ஆர்பர், நாதன்ஸ், ஸ்மித் ஆகிய மூவருக்கும் 1978-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்னொரு தந்திரம் விந்தையிலும் விந்தை! போலீஸ் நிலையத்தில் கேடியின் போட்டோவை மாட்டி வைப்பார்கள் அல்லவா? அதுபோல, தாக்க வந்த பேஜின் மரபுப் பொருளில் ஒரு துண்டைக் கிருமி சேமித்து வைக்கிறது. அதே பேஜ் மறுபடி வந்தால், அடையாளம் கண்டு வெட்டுகிறது. இதற்கு "கிரிஸ்பர்" என்று பெயர். தயிர் தயாரிக்க உதவும் கிருமியில் இதைச் சோதித்து 2007-ல் நிரூபித்தார்கள்.

"தயிர்க் கிருமிக்கு நோய் வந்தால் நமக்கென்ன? இதற்கு ஒரு ஆராய்ச்சியா?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் நடந்தது என்ன? 2012-ல் சார்பென்டியர், டவுட்னா என்ற இரு பெண் விஞ்ஞானிகள், வேண்டிய இடத்தில் மரபுப் பொருளை வெட்டும் கருவியாக இதை மாற்றினார்கள். 2020-ல் நோபல் பரிசு பெற்றார்கள். ரத்த அணுக்கள் அரிவாள் போல வளைந்து வதைக்கும் அரிவாள் செல் நோய்க்கு, இந்த முறையில் அமைந்த சிகிச்சையை 2023-ல் பிரிட்டன் அனுமதித்தது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. இந்தியாவில் அந்த நோயின் அடையாளம் முதலில் கண்டறியப்பட்டது 1952-ல், நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான். அமெரிக்காவில் அந்தச் சிகிச்சைக்கு வைத்த விலையோ 22 லட்சம் டாலர்! மலைக் குடிசையில் இருப்பவர் அதற்கு எங்கே போவார்?

"ஏழை நாட்டுக்கு இத்தகைய ஆராய்ச்சி ஆடம்பரம்" என்பது தவறு. ஏழை நாட்டுக்குத்தான் இது அவசியம். நாமே ஆராய்ந்தால்தான் விலை குறைய வழி பிறக்கும். டில்லியில் உள்ள சர்க்கார் ஆராய்ச்சிக்கூடம் ஒன்று இந்த முயற்சியில் இறங்கியிருப்பது பாராட்டத்தக்கது. இதற்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகளோ மகனோ கிருமிகளைப் பற்றிப் படிக்க விரும்பினால், "இதனால் என்ன லாபம்?" என்று தடுக்காதீர்கள். படிக்க விடுங்கள்!