ஹோலில் வைஃபை இருக்கிறது, பிள்ளையின் அறையில் இல்லை



கொஞ்சம் நீளமான பதிவு. புது ரவுட்டர் வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

பெற்றோர் கூட்டத்திலும், ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போதும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி: "சேர், வீட்டில வைஃபை சரியில்ல, நல்ல ரவுட்டர் ஒன்று சொல்லுங்க." கேட்பவர் பெரும்பாலும் ஒரு முடிவோடுதான் வருவார். ஆறு அன்டெனா, பெட்டியில் 3000 என்று பெரிய எழுத்து, விலையும் அதற்கேற்றபடி. என் அபிப்பிராயம் வேறு. நமது ஊர் வீடுகளுக்கு ஒரு பெரிய ரவுட்டர் என்பது பெரும்பாலும் வீண் செலவு. அந்தக் காசுக்குள் ஒரு நடுத்தர ரவுட்டரும் ஒரு சுருள் கேபிளும் வாங்கினால் வேலை முடிந்துவிடும்.

ஏன் என்று சொல்கிறேன். நமது வீடு எப்படி இருக்கிறது? காத்தான்குடியோ ஏறாவூரோ ஓட்டமாவடியோ, வளவு ஒடுக்கம், வீடு நீளம். முன்னால் ஹோல், பிறகு அறைகள், கடைசியில் குசினி. மூத்த மகளுக்குக் கீழ்வீடு, இளையவளுக்கு மேலே பிளேட் போட்டு மாடி. கல்யாணம் முடிந்து மருமகனும் வந்து சேர, ஒரே வளவுக்குள் இரண்டு மூன்று குடும்பம், பத்துப் பன்னிரண்டு போன். லைன் மட்டும் ஒன்று. அந்தப் பெட்டியை வயர் இழுக்க வந்தவர் தனக்கு லேசான இடத்தில், வாசல் பக்கமாக, ஹோலில் டிவிக்குப் பக்கத்தில் பூட்டிவிட்டுப் போயிருப்பார்.

இங்கேதான் எனக்குக் கவலை. ஹோல் விருந்தாளிகள் வந்து போகும் இடம். நமது பெண்பிள்ளைகள் அங்கே இருந்து படிப்பதில்லை. அவர்கள் படிப்பது பின்னறையில். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடிய பிறகும், 2022இல் எரிபொருள் இல்லாமல் வகுப்புகள் மறுபடி ஒன்லைனுக்குப் போனபோதும் நான் இதைக் கண்ணால் பார்த்தேன். ஒரே வீட்டுப் பிள்ளைகளில் தம்பி சூமில் தெளிவாக நிற்பான், ராத்தா ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை விழுந்து விழுந்து வருவாள். அவளுக்குப் படிப்பில் அக்கறை இல்லை என்று நினைத்த ஆசிரியர்களும் உண்டு. இடையில் நின்றது மூன்று சுவரும் ஒரு அலுமாரிக் கண்ணாடியும். இன்றைக்கும் ஏ.எல். பிரத்தியேக வகுப்புகளில் பல இரவில் ஒன்லைனில்தான் நடக்கின்றன, ரவுட்டர் இருக்கும் இடமும் மாறவில்லை.

பெரிய ரவுட்டர் வாங்கினால் சுவரைத் தாண்டாதா? கொஞ்சம் தாண்டும். ஆனால் வைஃபை ஒருவழிப் பேச்சு இல்லை. ரவுட்டர் எவ்வளவு சத்தமாகப் பேசினாலும் பிள்ளையின் போன் பதில் சொல்ல வேண்டும். போனுக்குள் இருப்பது சின்ன பற்றரியும் விரல் நகம் அளவு அன்டெனாவும். அதன் குரல் கம்பி போட்ட கொங்கிறீட்டைத் தாண்டி ஹோலுக்கு வராவிட்டால், அங்கே ஆறு அன்டெனா நின்றும் பயனில்லை. போனில் சிக்னல் நிறையக் காட்டும், வீடியோ மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெட்டியில் இருக்கும் எண்ணையும் விளங்கிக்கொள்ளுங்கள். ஏஎக்ஸ் 3000 என்றால் 2.4 கிகாஹேர்ட்ஸில் 574, 5 கிகாஹேர்ட்ஸில் 2402, இரண்டையும் கூட்டி முழு எண்ணாக்கிய கணக்கு. அதுவும் காகித வேகம். ஒரு போன் இரண்டிலும் ஒன்றைத்தான் ஒரு நேரத்தில் பிடிக்கும். உங்கள் பெக்கேஜ் 100 எம்.பி.பி.எஸ் என்றால் அதற்கு மேல் எந்த ரவுட்டராலும் தர முடியாது. ஒரு சூம் வகுப்புக்கு 3 எம்.பி.பி.எஸ் இருந்தால் தாராளம், யூடியூபில் 1080 தரத்தில் பார்க்க 5 போதும். நமக்கு வேண்டியது பின்னறைவரை அறுந்து போகாமல் வரும் 20.

எனவே கடைக்குப் போக முன் ஒரு சோதனை. இரவு எட்டு மணிக்கு, ரவுட்டருக்குப் பக்கத்தில் நின்று போனில் ஸ்பீட் டெஸ்ட் போடுங்கள். பிறகு பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு போடுங்கள். பக்கத்திலேயே குறைவாக இருந்தால் பிரச்சினை பெரும்பாலும் லைனில், பெக்கேஜில், அல்லது டேட்டா முடிந்ததில். கம்பனிக்குக் கோல் எடுங்கள், ரவுட்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். பக்கத்தில் 90 வந்து அறையில் 4 வந்தால், அதுதான் நாம் இங்கே கதைக்கும் நோய்.

அதற்கு முதல் மருந்து இலவசம். ரவுட்டரை டிவிக்குப் பின்னாலிருந்து எடுங்கள். பிரிட்ஜ், தண்ணீர்த் தாங்கி, பெரிய கண்ணாடி, இரும்பு அலுமாரி, இவற்றுக்குப் பக்கத்தில் வேண்டாம். தலைக்கு மேல் உயரத்தில், முடிந்தவரை வீட்டின் நடுவில் வையுங்கள். சிலருக்கு இத்தோடு கதை முடிந்துவிடும்.

முடியாதவர்கள் கேபிள் இழுங்கள். ஃபைபர் பெட்டியிலிருந்து பின்பக்கத்துக்கோ மேல்மாடிக்கோ ஒரு கேட் 6 கேபிள். 100 மீற்றர்வரை வேகம் குறையாது, நமது வீட்டுக்கு 20 போதும். முழுச் செம்புக் கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அலுமினியத்துக்குச் செம்பு பூசியதும் கடைகளில் கிடைக்கிறது. அந்த முனையில் இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பொயின்ட் மோடில் போடுங்கள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். சுவரில் செருகும் ரிப்பீட்டர் மலிவுதான், ஆனால் பெரும்பாலானவை ஒரே அலைவரிசையில் கேட்டு அதே அலைவரிசையில் திருப்பிச் சொல்வதால் வேகம் ஏறக்குறையப் பாதியாகும். புதுச் சுவரை உடைக்க மனமில்லாதவர்களுக்கு இரண்டு பெட்டி மெஷ் நல்லது. விலை கூட.

எதை வாங்குவது? நான் பார்ப்பது மூன்று விஷயம். ஒன்று, வைஃபை 6, அதாவது ஏஎக்ஸ் 1500 அல்லது 1800. ஒரே நேரத்தில் பல போன் தொங்கும் வீட்டுக்கு இது பழைய ஏசி வகையை விட நன்றாகச் சமாளிக்கும். வைஃபை 7 இப்போதைக்குத் தேவையில்லை. இரண்டு, கேபிள் குத்தும் துளைகள் கிகாபிட்டாக இருக்க வேண்டும். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். டிபி-லிங்க் ஆர்ச்சர் சி50, சி6 இரண்டும் பெட்டியில் 1200 என்றுதான் போடும், ஆனால் சி50இன் துளை 100ஓடு நின்றுவிடும், சி6 கிகாபிட். மூன்று, ஆக்சஸ் பொயின்ட் மோட் இருக்கிறதா என்று. பேரீச்ச மரம் நிற்கும் நமது மெயின் வீதியிலோ டவுனிலோ எந்தக் கடையில் வாங்கினாலும் வொரன்டி ஸ்டிக்கரும் பில்லும் கையில் இருக்கட்டும்.

2.4 கிகாஹேர்ட்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. நமது ஊரில் வீடும் வீடும் சுவர் முட்ட நிற்கிறது. வைஃபை பட்டியலைத் திறந்தால் அயலவர் பெயரெல்லாம் வரிசையாக வரும். 2.4இல் ஒன்றோடொன்று முட்டாத சனல் 1, 6, 11 என்று மூன்றுதான். இத்தனை வீடும் அந்த மூன்றுக்குள். அதனால் படிக்கிற போன், லெப்டொப் எல்லாவற்றையும் 5 கிகாஹேர்ட்ஸில் போடுங்கள். அது சுவரைத் தாண்டாது என்று குறை சொல்வார்கள். நமக்கு அது நன்மை, அயல்வீட்டு 5ம் நம் அறைக்குள் வந்து குழப்பாது. தூரம் போகாததற்குத்தான் இரண்டாவது பெட்டி.

அயல்வீட்டுக்கு வைஃபை கொடுப்பதை நான் தடுக்கவில்லை, கொடுங்கள். கெஸ்ட் நெட்வேர்க் என்று தனியாக ஒன்று திறந்து கொடுங்கள், உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கேட்காமல் எடுப்பவர் விஷயம் வேறு, அதை மௌலவிமாரிடம் விடுகிறேன்.

படுவான்கரைப் பக்கத்திலும் இன்னும் ஃபைபர் வராத இடங்களிலும் 4ஜி சிம் போட்ட பெட்டி பாவிக்கும் சகோதரர்களுக்குக் கணக்கு மாறும். அங்கே வேகத்தைத் தீர்மானிப்பது டவர். பெட்டியை மேல் ஜன்னலில், டவர் பக்கமாக வைத்து, ஒவ்வொரு ஜன்னலிலும் ஸ்பீட் டெஸ்ட் போட்டுப் பாருங்கள். வாவிக்கு முகம் பார்த்த வீடென்றால் எதிர்க்கரை டவர் கூட நன்றாகக் கிடைக்கலாம், தண்ணீருக்கு மேல் மறைப்பு இல்லை. வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் சிம் ரவுட்டர் அந்நாட்டுக் கம்பனிக்குப் பூட்டியதா என்று அங்கேயே பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

கறண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு மினி யூபிஎஸ் இருக்கிறது. ரவுட்டர் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட் 9ஆ 12ஆ என்று பார்த்து அதற்கேற்றதை எடுங்கள். ஃபைபர் பெட்டிக்கும் சேர்த்து வேண்டும், ரவுட்டர் மட்டும் எரிந்தால் லைன் வராது. மாரியில் இடி முழங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஃபைபர் கண்ணாடி இழை, அது மின்னலைக் கொண்டுவராது. கறண்ட் வயர் கொண்டுவரும்.

கடைசியாக ஒன்று. புதிது வாங்கியவர்கள் பழைய ரவுட்டரை எறிய வேண்டாம். பலவற்றை ஆக்சஸ் பொயின்டாக மாற்றலாம். அலுமாரியில் சும்மா கிடந்தால் எனக்கு இன்பொக்ஸில் சொல்லுங்கள். பின்னறையில் இருந்து ஏ.எல். படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வீட்டுக்கு இப்போது தேவைப்படுகிறது, கேபிளை நான் இழுத்துக் கொடுக்கிறேன்.