மேல்படமும் கீழ்ப்படமும் ஒரே கதையைச் சொல்லட்டும்

வணிகமோ தகவல் தொழில்நுட்பமோ பயிலும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஒருமுறையேனும் வணிகச் செயல்முறை வரைபடம் வரைந்திருப்பார்கள். ஒரு வேலை எங்கே தொடங்குகிறது, யார் யார் கையைக் கடக்கிறது, எப்படி முடிகிறது என்பதைப் பெட்டிகளாலும் அம்புக்குறிகளாலும் காட்டும் படம் அது. பெரிய வேலை ஒரே தாளில் அடங்காது. அதனால் மேல்நிலையில் ஐந்தாறு பெட்டிகள் மட்டும் இருக்கும். ஒவ்வொரு பெட்டியையும் விரித்து, கீழ்நிலையில் தனிப்படம் வரைவார்கள்.

நான் பார்த்த வரையில், மாணவர்கள் படத்தின் நிறத்துக்கும் நேர்கோட்டுக்கும்தான் அதிக நேரம் செலவிடுகிறார்கள். நிலைகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்க நேரம் மிஞ்சுவதில்லை. இந்த வரிசை தலைகீழாக மாறவேண்டும் என்பது என் கருத்து.

ஓர் இணையக் கடையை எடுத்துக்கொள்வோம். மேல்படத்தில் ‘ஆர்டரைச் சரிபார்த்தல்’ என்ற பெட்டியிலிருந்து ஏற்பு, நிராகரிப்பு என இரண்டு வழிகள் வெளியேறுகின்றன. அப்பெட்டியை விரித்து வரைபவர் கிடங்கு ஊழியரிடம் பேசிவிட்டு மூன்றாவது முடிவு ஒன்றையும் சேர்க்கிறார்: கேட்டது பத்து, இருப்பது ஆறு. கீழ்ப்படம் சொல்வது உண்மைதான். ஆனால் மேல்படத்தில் அப்படி ஒரு வழியே இல்லை. வாடிக்கையாளரை அழைத்துக் கேட்பது யார்? மீதிப் பணத்தைத் திருப்பித் தருவது யார்? மேலாளர் மேல்படத்தைப் பார்த்து ஆள் ஒதுக்குகிறார். மென்பொருள் எழுதுபவர் கீழ்ப்படத்தைப் பார்த்து எழுதுகிறார். இருவரும் தத்தம் படத்தின்படி சரியாகவே நடக்கிறார்கள். பணம் கட்டியவர்தான் நடுவில் மாட்டிக்கொள்கிறார்.

இது புதிய சிக்கலன்று. 1970களின் இறுதியிலேயே டாம் டிமார்கோ, தரவோட்ட வரைபடங்களுக்குச் ‘சமநிலை’ வேண்டும் என்று வலியுறுத்தினார். ஒரு பெட்டிக்குள் எவை போகின்றனவோ, எவை வெளிவருகின்றனவோ, அவையே அதன் கீழ்ப்படத்திலும் இருக்கவேண்டும். 1993இல் அமெரிக்க அரசுத் தரமாக வெளிவந்த ‘ஐடெஃப் ஜீரோ’ முறை, உச்சிப் படத்தைத் தவிர மற்றவற்றில் மூன்று முதல் ஆறு பெட்டிகள் வரைதான் அனுமதித்தது. இன்று பரவலாகப் பயன்படும் ‘பிபிஎம்என்’ 2013இல் ஐஎஸ்ஓ தரமானது. அதில் பெட்டியின் அடியில் ‘+’ குறி இருந்தால், உள்ளே இன்னொரு படம் உண்டு என்று பொருள். அந்தக் குறி படிப்பவருக்குத் தரும் வாக்குறுதி என்றே நான் நினைக்கிறேன்.

“மென்பொருளே பிழையைக் காட்டிவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். அம்புக்குறி எதனுடனும் சேராமல் தொங்கினால் காட்டும். ஆனால், மேலே ‘ஆர்டர்’ என்றும் கீழே ‘கொள்முதல் கோரிக்கை’ என்றும் எழுதப்பட்டிருப்பவை ஒன்றா, வேறா என்பதை வரைந்தவர்தான் சொல்லமுடியும். செயற்கை நுண்ணறிவு நொடியில் அழகான படம் தரலாம். கிடங்கு ஊழியர் சொன்ன மூன்றாவது வழியோ, அவரிடம் போய்க் கேட்டவருக்குத்தான் தெரியும்.

“அப்படியானால் ஒரே நிலையில் வரைந்துவிடலாமே?” என்றால், சிறிய வேலைக்கு அது சரிதான். தேவையில்லாமல் நிலைகளைக் கூட்டுவதும் தவறுக்கு வழிவிடும். ஆனால் ஐம்பது பெட்டிகள் உள்ள படத்தை யாரும் பொறுமையாகப் படிப்பதில்லை.

குழுப்பணியில் நால்வர் ஆளுக்கொரு படம் வரைந்து, ஒப்படைப்பதற்கு முந்திய இரவு ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. அதற்குப் பதிலாக, வரையத் தொடங்கும் முன்பே பொதுவான பெயர்ப் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். கீழ்ப்படத்தில் எத்தனை முடிவுகள் உள்ளன என்று எண்ணி, மேல்பெட்டியிலிருந்து வெளியேறும் வழிகளோடு பெயருக்குப் பெயர் ஒப்பிடுங்கள். ஒரு நிலையில் மாற்றம் செய்தால், அன்றே மற்ற நிலையிலும் செய்யுங்கள். கடைசியாக, அந்தப் படத்தை வரையாத ஒருவர் ஓர் ஆர்டரை எடுத்துக்கொண்டு, தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் தொடர்ந்து போகட்டும். விரல் எங்கே நிற்கிறதோ, அங்கேதான் குறை இருக்கிறது.

விரிவுரையாளர்களும் இந்த ஒத்திசைவுக்குத் தனி மதிப்பெண் ஒதுக்கவேண்டும். மதிப்பெண் இருக்கும் இடத்தில்தான் மாணவர்களின் கவனமும் இருக்கும். நாளை வேலையிடப் பயிற்சிக்குச் செல்லும்போது நீங்கள் வரையும் படத்தை, முதல் நாள் வேலைக்கு வந்த ஒருவர் நம்பி நடக்கக்கூடும். எந்தப் படத்தை நம்புவது என்ற குழப்பத்தை அவருக்கு விட்டுவைக்காதீர்கள்.