செவப்புத் தோலுக்கு எதுவும் ஒத்துப்போகுமா?

"நல்ல செவப்பா இருக்கறவங்களுக்கு மேக்கப்புல என்னங்க கஷ்டம்? எதைப் போட்டாலும் எடுத்துக்கும்."

வேலந்தாவளத்திலும் கொழிஞ்சாம்பாறையிலும் ஃபேன்சி ஸ்டோர்க்காரர் முதல் கல்யாண வீட்டு அத்தை வரைக்கும் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்ட கருத்து இது. நாம் இருப்பது பாலக்காடு மாவட்டம் என்றாலும் பேச்சும் கொள்வினை கொடுப்பினையும் கோவைப் பக்கம்தான். முகூர்த்தத்துக்குக் கோவையிலிருந்து பெட்டியோடு வந்து இறங்கும் பார்லர் அக்காவும் இதையேதான் சொல்வார். கருத்த தோலுக்கு ஷேட் கிடைப்பதில்லை என்ற குறை ரொம்ப நாளாகப் பேசப்படுகிறது. அது நியாயமான குறை. 2017-இல் ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரேயடியாக 40 ஷேட்களை இறக்கியபோது உலகம் கொண்டாடியதும் அதற்காகத்தான். ஆனால் அந்த வரிசைக்கு இன்னொரு முனையும் உண்டு. மிக வெளுத்த தோலுக்கும் அதுவரை சரியான ஷேட் அரிதாகத்தான் இருந்தது. இங்கே யாரும் அதைப் பேசவில்லை. வெளுப்பாக இருப்பதே அதிர்ஷ்டம் என்று முடிவு கட்டிவிட்ட ஊரில் அதற்கும் ஒரு குறை இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

நம்மூரில் அவ்வளவு வெளுத்த தோல் யாருக்கு இருக்கிறது என்று கேட்கலாம். பிறவியிலேயே வெளுப்பானவர்கள் சிலர். நிறமி சரிவரச் சுரக்காத ஆல்பினிசத்தோடு பிறந்தவர்கள் சிலர். வெண்புள்ளி பரவிப் பரவி உடம்பின் பெரும்பகுதி வெளுத்துப்போனவர்கள் சிலர். பின்னிரண்டு வகையாரும் அக்கம்பக்கத்து ஊர்களில் இல்லாமல் இல்லை, கல்யாணம் காட்சிகளில் ஓரமாக நிற்பதால் கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். முழுதாய் மறைக்கிற ஃபவுண்டேஷனை இவர்கள் தேடுவது பெரும்பாலும் மினுக்குவதற்காக இல்லை. நாலு பேர் வெறித்துப் பார்க்காமல் பஸ்ஸில் ஒரு நடை கோவை போய்வருவதற்காக.

முதலில், "கடையெல்லாம் அவங்களுக்காகத்தானே இருக்குது" என்கிற வாதம். பார்வைக்கு உண்மை போலத்தான் இருக்கும். ஃபேர் அண்ட் லவ்லி 1975-இல் வந்தது. 2020-இல் பேரை க்ளோ அண்ட் லவ்லி என்று மாற்றிக்கொண்டது. இடைப்பட்ட 45 வருஷமும் வெளுப்பு என்பதைப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அது யாருக்கான சரக்கு? மாநிறத்தவருக்கு. வெளுப்பாக வேண்டும் என்ற ஆசையை விற்கிற கடையில், வெளுப்பாகவே இருப்பவருக்கான ஷேட் இருந்தாக வேண்டும் என்று கட்டாயம் ஒன்றும் இல்லை. ஃபேன்சி ஸ்டோர் அடுக்கில் இருப்பதிலேயே இளசான ஷேட்டை, பெரும்பாலும் 'ஐவரி' என்று எழுதியிருக்கும், எடுத்து மூடியைத் திறந்து பாருங்கள். கோதுமை நிறத்துக்குச் சற்று மேலே, நல்ல மஞ்சள் கலந்து இருக்கும். நம் நாட்டில் நிறையப் பேருடைய தோலின் அடிச்சாயல் மஞ்சளோடு சேர்ந்தது என்பதால் கம்பெனிக்காரர் அப்படிக் கலக்குகிறார். அதில் தப்பில்லை. ஆனால் நிறமி இல்லாத தோலில் அடியில் ஓடும் ரத்தத்தின் ரோஜாச் சாயல்தான் மேலே தெரியும். அந்த முகத்தில் இந்த ஐவரியைப் போட்டால் மஞ்சள் பூசிக் குளித்துவிட்டு முகம் கழுவ மறந்த மாதிரி இருக்கும். கழுத்து வெளுப்பு, முகம் மஞ்சள்.

"ஒத்துப்போகுது பாருங்க" என்று கடையில் சொல்வது எந்த வெளிச்சத்தில் என்பதையும் கவனிக்க வேண்டும். கடையில் எரியும் பளிச்சென்ற வெள்ளை எல்இடி விளக்கின் கீழ் எந்த ஷேட்டும் கொஞ்சம் நீலம் ஏறித்தான் தெரியும். மணிக்கட்டில் தடவிக் காட்டுவது அதைவிட மோசம், அங்கே இருக்கும் தோலுக்கும் முகத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தாடையோரத்தில், கன்னமும் கழுத்தும் சேரும் இடத்தில், விரல் நீளத்துக்கு ஒரு கோடு இழுத்துக்கொண்டு கடைவாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் கண்ணாடி பார்க்க வேண்டும். பார்த்த உடனே காசை எடுத்துவிடக் கூடாது, பக்கத்தில் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி பார்க்க வேண்டும். பல ஃபவுண்டேஷன்களில் எளிதில் ஆவியாகும் சிலிகோன் இருக்கிறது. அது பறந்துபோனதும் நிறமித் துகள்கள் நெருங்கிப் படிகின்றன, தோலின் எண்ணெயும் அவற்றை நனைக்கிறது. போட்டபோது இருந்த நிறம் கால் மணி நேரத்தில் ஒரு படி கருக்கும். மாநிறத்தில் அந்த ஒரு படி பெரிதாகத் தெரியாது. வெளுத்த தோலில் அப்பட்டமாகத் தெரியும். பாலக்காட்டுக் கணவாயின் காற்றும் பங்குனி வெயிலும் சேர்ந்தால் அதற்குக் கால் மணி நேரம்கூட ஆகாது.

இனி, எல்லாவற்றையும்விட உறுதியாக நம்பப்படும் வாதம்: "மறையலையா, இன்னும் கொஞ்சம் தடிமனா அப்புங்க."

இது சினிமாவிலிருந்து வந்த பழக்கம் என்பது என் எண்ணம். ஜெமினி ஸ்டூடியோவில் பான்கேக் என்ற ஒப்பனைப் பொருளை லாரி லாரியாக வாங்கித் தீர்த்த கதையை அங்கே வேலை பார்த்த அசோகமித்திரன் எழுதியிருக்கிறார். ஆங்கிலப் பாடப்புத்தகத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். கண் கூசும் ஸ்டூடியோ விளக்குக்கும் அந்தக்காலத்து ஃபிலிமுக்கும் அது தேவைப்பட்டது. கல்யாண மண்டபத்தில் முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று பேசும் பெரியம்மாவுக்கு அது தேவையில்லை.

மறைப்பு என்பது கனத்தில் இல்லை, நிறமியின் அளவில் இருக்கிறது. அமெரிக்காவில் லிடியா ஓலியரி என்ற பெண்மணிக்கு முகத்தில் பிறவியிலேயே பெரிய சிவப்பு மச்சம். அதை மறைக்கத் தனக்காகவே ஒரு கிரீமைக் கண்டுபிடித்து 1928-இல் 'கவர்மார்க்' என்று விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1932-இல் அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். சாதாரண ஃபவுண்டேஷனைவிட நிறமியைக் கூட்டி, தண்ணீர் பட்டால் கரையாதபடி செய்யும் கேமஃப்ளாஜ் கிரீம்களுக்கு அது முன்னோடி. இந்த வகையில் மெல்லிய ஒரு பூச்சே போதும். ஈரப் பஞ்சால் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வைத்து, பவுடரை அழுத்தி, சற்று நேரம் விட்டு, மீதித் தூளைத் துடைத்துவிட்டால் வேலை முடிந்தது. முகம் முழுக்கவும் வேண்டியதில்லை. தழும்பு இருக்கும் இடத்தில் கிரீம், மற்ற இடத்தில் லேசான பூச்சு.

வெளுத்த தோலுக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு, எதைப் போட்டாலும் எடுத்துக்கும் என்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. வெண்புள்ளி பரவியவர்களில் சிலருக்கு முகமெல்லாம் வெளுத்த பிறகும் கண்ணோரத்திலும் காது முன்னாலும் பழைய நிறம் திட்டுத் திட்டாக நின்றுவிடும். வெளுத்த இடத்தைப் பழுப்பாக்குவதா, மிஞ்சிய பழுப்பை வெளுப்பாக்குவதா? இடத்தின் அளவைப் பார்த்தால் இரண்டாவதுதான் சுலபம் என்று தோன்றும். கையை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஃபவுண்டேஷனில் வெளுப்பைத் தருவது டைட்டானியம் டையாக்சைடு. மஞ்சள், சிவப்பு, கருப்பைத் தருபவை இரும்பு ஆக்சைடுகள். வெள்ளைத் துகள்கள் கருத்த தளத்தின் மேல் மெல்லிசாகப் படியும்போது ஒளியைச் சிதறடித்து நீலச் சாயல் காட்டும், அதனால் திட்டு மறையாமல் சாம்பல் பூத்துத் தெரியும். மேலும் மேலும் அப்பினால் சாம்பல் கெட்டியாகும், அவ்வளவே. செய்ய வேண்டியது வேறு: திட்டின் மேல் மட்டும் முதலில் பீச் நிறக் கரெக்டரை ஒற்றி அந்த நீலத்தை அடித்துவிட்டு, அதன்மேல் வெளுத்த ஷேட். மாநிறத்துக்குப் பயன்படுத்தும் ஆரஞ்சுக் கரெக்டரை இங்கே எடுத்தால் அதுவே மேலே எட்டிப்பார்க்கும். பரு, எரிச்சல் சிவப்பு என்றால் பச்சைக் கரெக்டர், அதுவும் ஊசிமுனை அளவு.

சரியான ஷேட்டே கிடைக்காதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ஃபவுண்டேஷனில் கலக்கவென்றே வெள்ளை, நீல நிற மிக்ஸர்கள் விற்கிறார்கள். வெள்ளை ஷேட்டை இளசாக்கும், நீலம் ஒரு சொட்டு அதிகப்படி மஞ்சளை முறிக்கும். புறங்கையில் கலந்து பார்த்து, கணக்கு பிடிபட்டதும் ஒரு சின்ன டப்பாவில் கலந்து வைத்துக்கொள்ளலாம். வேலைக்கு வரும் மேக்கப்காரரிடம் இது இருக்கிறதா என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்னே கேட்டுவிடுவது நல்லது. அந்தக் கேள்வியை அலட்சியமாகப் பார்ப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

"வெண்புள்ளி மேல மேக்கப் போட்டா பரவும்" என்பதற்கு நீண்ட பதில் தேவையில்லை. கிரீமால் பரவாது. ஆனால் உரசலாலும் காயத்தாலும் புதுத் திட்டு வரலாம். ஆகவே ராத்திரி மேக்கப்பை உலர்ந்த துணியால் சுரண்டாமல், எண்ணெய் தொட்டு இளக்கி எடுக்க வேண்டும்.

"ஃபவுண்டேஷன்லயே எஸ்பிஎஃப் இருக்குதுங்க, தனியா சன்ஸ்க்ரீன் எதுக்கு?" மற்றவர்கள் கேட்டால் சிரித்துக்கொண்டு போகலாம். ஆல்பினிசம் உள்ளவர் இதை நம்பினால் ஆபத்து. டப்பாவில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், தோலின் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசி அளந்தது. முகத்துக்கு அந்தக் கணக்கில் ஃபவுண்டேஷனைப் பூசினால் யாரும் வெளியே வர மாட்டார்கள், நாம் பூசுவது அதைவிட மிகக் குறைவு. நிறமியின் காவலே இல்லாத தோலுக்கு வெயில் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அப்படிப்பட்ட தோலோடு மார்க்கெட்டுக்குக் காய் கொண்டுவருகிறவர் பகலெல்லாம் வெட்டவெளியில் நிற்கிறார். அவருக்கு முதலில் சன்ஸ்க்ரீன், தொப்பி, முழுக்கைச் சட்டை. ஃபவுண்டேஷன் அதற்கும் மேலே, வேண்டுமென்றால்.

கடைசியாக ஒரு பேச்சு. "இத்தனை பாடு எதுக்கு, அந்த வெளிநாட்டு கிரீமை ராத்திரி போட்டுட்டுப் படுத்தா ஒரு வாரத்துல எல்லாம் ஒரே கலராகிடும்." நம்மிடம் வெளுப்பாக நடமாடும் முகங்களில் எத்தனையோ, ஸ்டீராய்டு கலந்த கிரீமால் தோல் மெலிந்து நரம்பு தெரியச் சிவந்தவை. முழு மறைப்பு வேண்டும் என்று அவர்கள் தேடிவருவதே அந்தக் கிரீம் செய்த காரியத்தை மறைக்கத்தான். அவர்கள் முதலில் போக வேண்டிய இடம் தோல் டாக்டரின் கிளினிக். திடீரென்று கிரீமை நிறுத்தினாலும் முகம் கொதித்துச் சிவக்கும் என்பதால் டாக்டர் சொல்கிறபடி நிறுத்த வேண்டும்.

இப்படிப்பட்ட வெளுப்பு கிரீம்களில் கலக்கும் பாதரசம் இன்னொரு பக்கம். மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீரில் புரதம் போகும் ஒரு நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். அதில் 15 பேருக்கு 'நெல்-1' என்ற அரிய வகை. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசியவர்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாக இறங்கிச் சோதித்தது. 2020-ஆம் ஆண்டு அழகுப்பொருள் விதிகளின்படி கண்ணுக்குப் போடுபவை தவிர மற்றவற்றில், தயாரிப்பில் தற்செயலாகச் சேரும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பிடிபட்ட சில சரக்கில் அந்த வரம்பு பல ஆயிரம் மடங்கு மீறப்பட்டிருந்தது. எந்த டப்பாவாக இருந்தாலும், ஃபவுண்டேஷன் உட்பட, தயாரித்தவர் முகவரியும் லைசென்ஸ் எண்ணும் பேட்ச் எண்ணும் பார்த்து வாங்குங்கள். வெளிநாட்டுச் சரக்கென்றால் இறக்குமதி செய்தவர் பேரும் பதிவு எண்ணும் ஒட்டியிருக்க வேண்டும். "துபாய்ல இருந்து நம்ம ஆள் கொண்டுவந்ததுங்க" என்பது பதிவு எண் ஆகாது.