பேஸ் கிட்டாரும் மூணாவது பின்னும்



"பேஸ் கிட்டாருக்கும் டிப்ளமோ படிப்புக்கும் என்னப்பா சம்பந்தம்?" என்று பக்கத்தைப் புரட்டப் போகிறவர்கள் கொஞ்சம் பொறுங்கள். நம்மைவிட அதிகச் சம்பந்தம் உள்ளவர்கள் யாருமில்லை!

இளையராஜா பாட்டுகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு பேஸ் கிட்டாரின் அருமையைச் சொல்லித் தர வேண்டியதில்லை. இன்று ஒரு கம்ப்யூட்டரும் சின்ன ஆடியோ இன்டர்பேஸும் இருந்தால் வீட்டு அறையே ஸ்டுடியோதான். ஆனால் பதிவு பண்ணியதைப் போட்டுக் கேட்டால்... 'ம்ம்ம்' என்று ஒரு உறுமல்! உடனே நம்மாட்கள் இரைச்சல் நீக்கும் சாப்ட்வேரைத் தேடி ஓடுகிறார்கள். இரைச்சலை உள்ளே விட்டுவிட்டு அப்புறம் துரத்துவது வீண் வேலை என்பதே என் கருத்து.

ஏன் என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தடித்த 'ஈ' கம்பியில் மூன்றாவது பிரெட்டை அழுத்தினால் வரும் ஒலி 49 ஹெர்ட்ஸ். உறுமலின் இரண்டாம் ஹார்மோனிக் 100 ஹெர்ட்ஸ். அழுத்தாமல் மீட்டிய 'ஜி' கம்பி 98. இப்போ உறுமலை பில்டர் போட்டு வெட்டினால் சுரமும் சேர்ந்து வெட்டுப்படும். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதைதான்!

ஆகவே வருகிற வழியை அடைக்கணும். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய காயில். கம்பியின் அசைவைப் பிடிக்கிற அதே காயில், பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்பார்மரையும் டியூப்லைட் சோக்கையும்கூடப் பிடிக்கும். 1957-ல் பெண்டர் கம்பெனி தன் பிரிசிஷன் பேஸில் காயிலை இரண்டாகப் பிரித்து, எதிரெதிராகச் சுற்றி இணைத்தது. உறுமல் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், இசை மட்டும் நிற்கும். ஜாஸ் பேஸில் இரண்டு வால்யூமையும் சமமாக வைத்தாலே இந்தப் பலன் கிடைக்கும். ஒத்தைக் காயில் கிட்டாரா? உட்காரும் திசையை மெதுவாகத் திருப்பிப் பாருங்கள், ஒரு கோணத்தில் உறுமல் அடங்கும். காலணா செலவில்லை!

இன்னும் சில: டிம்மரையும் பேன் ரெகுலேட்டரையும் அணைத்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். கேபிள் மூணு மீட்டர் போதும். லைன் சாக்கெட்டில் சொருகினால் ஒலி மழுங்கும். சுமார் 1 மெகா ஓம் உள்ள இன்ஸ்ட்ருமென்ட் சாக்கெட்டில்தான் சொருகணும். உச்ச அளவு மைனஸ் 12 டெசிபலைத் தொட்டால் போதும். மீட்டாத கம்பிகளை விரலால் அமுக்கி வையுங்கள். அமெரிக்காவின் டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனி 1959-ல் வாங்கிய ஒரு வீட்டைத்தான் ஸ்டுடியோ ஆக்கியது. அங்கே ஜேம்ஸ் ஜேமர்சன் ஆம்ப்ளிபயருக்கு மைக் வைக்காமல், கிட்டாரை நேராக மிக்சருக்கு இணைத்து வாசித்தார். உலகமே கேட்டது!

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். கம்பியைத் தொட்டால் இரைச்சல் குறைகிறதே, கவனித்திருக்கிறீர்களா? கம்பிகள் பிரிட்ஜ் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. அதாவது நம் உடம்பும் அந்தச் சர்க்யூட்டில் ஒரு பாகம்! "எர்த் பின்னை வெட்டிடு மச்சான், உறுமல் போயிடும்" என்று யோசனை சொல்லும் மேதாவிகள் எல்லா ஊரிலும் உண்டு. உறுமல் போகலாம். ஆம்ப்ளிபயருக்குள் ஒரு வயர் விட்டுப்போனால் ஆளும் போய்விடுவான்! 1972-ல் ஸ்வான்சீ நகர மேடையில் கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு இறந்தார். 1976-ல் யார்ட்பேர்ட்ஸ் குழுவின் பாடகர் கீத் ரெல்ப், தன் வீட்டிலேயே எர்த் சரியில்லாத கிட்டாரால் உயிரிழந்தார். எர்த் லூப்தான் பிரச்சினை என்றால் டி.ஐ. பாக்ஸில் 'கிரவுண்ட் லிப்ட்' சுவிட்ச் இருக்கிறது. அது சிக்னல் கேபிளின் ஷீல்டை மட்டும் பிரிக்கும். மெயின்ஸ் எர்த்தைத் தொடாது. எல்லாக் கருவிகளையும் ஒரே பிளக் பாயின்டிலிருந்து ஓட்டினாலே பாதி லூப் ஒழிந்துவிடும்.

நண்பர்களே, ஒயரிங் லேபில் மார்க்குக்காக மட்டுமா மல்டிமீட்டர் பிடித்தோம்? பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே... மன்னிக்கவும், இது கிட்டார் பேஸ் அல்ல, கரன்ட் பேஸ்! அங்கே 230 வோல்ட்டுக்கு வெகு குறைவாகக் காட்டினால் எர்த் சரியில்லை. லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிடுங்கள். கிட்டார் வாசிக்கும் நண்பன் வீட்டுக்குப் போனால் முதலில் மூணாவது பின் இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் பாட்டைக் கேட்கலாம்.

நல்ல இசைக்கு நல்ல காது வேண்டும். அதற்கு முன் நல்ல எர்த் வேண்டும். சிந்திப்போம்! செயல்படுவோம்!

— மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் துறை