பாலம் தாண்டினாலும் வெளிநாடுதான்

“சிங்கப்பூரெல்லாம் நமக்கு வெளிநாடாண்ணே?” ஜொகூர் பாரு இளைஞர்கள் பலரும் கேட்பது இது. பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். ஆனால், குடிநுழைவு விண்ணப்பத்தில் அந்த நெருக்கம் செல்லாது.

நிரந்தரமாகக் குடியேற விரும்புவோரிடம் ஆஸ்திரேலியா, 16 வயதுக்குப் பின் கடந்த 10 ஆண்டுகளில் மொத்தம் 12 மாதம் தங்கிய ஒவ்வொரு நாட்டின் போலீஸ் சான்றிதழையும் கேட்கிறது. விட்டுவிட்டுத் தங்கியதும் கணக்கில் சேரும். கனடாவுக்கு, 18 வயதுக்குப் பின் தொடர்ந்து 6 மாதம் தங்கியிருந்தாலே போதும், கேட்பார்கள்.

மலேசியாவின் நன்னடத்தைச் சான்றிதழை வழங்குவது விஸ்மா புத்ரா. இணையம் வழி விண்ணப்பிக்கலாம். சிங்கப்பூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவர்கள், அந்நாட்டுப் போலீசிடமும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். விரல் ரேகை அவசியம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதற்கான ஆவணமும் வேண்டும்.

அவசரப்பட்டு இன்றே எடுத்துவிடவும் கூடாது. ஆஸ்திரேலியா அதை 12 மாதத்துக்குத்தான் ஏற்கும். இன்றே செய்ய வேண்டியது வேறு: பழைய கடப்பிதழ், வேலை பெர்மிட் நகல், தங்கிய முகவரிகள், தேதிகள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து வையுங்கள். வீடு மாறும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான்!